சாலமோனின் மூன்று பதில்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் மில்லில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்து சாலமோன் ரிட்டையர் ஆன மறுநாள் காலையில், அவருக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் மனைவி சாராள் உட்கார்ந்தாள். முன்னால் அரிவாள்மணை இல்லை, கையில் கீரைக்கட்டு இல்லை. பேசுவதற்காகவே உட்கார்ந்தாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் எதையாவது சொல்ல வாயெடுத்தால், மனுஷன் ஒன்று ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் ஷிப்டு முடிந்து வந்து கண் சொருகிக் கிடப்பார். "நான் ரிட்டையர் ஆவட்டும் சாராளு, நாள் பூரா ஒக்காந்து பேசலாம்" என்பார். ஆம்பிளைகள் போகிற போக்கில் சொல்லிவிட்டு மறந்துபோகிற பேச்சு அது. சாராள் மறக்கவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அந்த நாளுக்கென்று பத்திரமாக வைத்திருந்தாள்.

அவள் பேச ஆரம்பித்ததும் சாலமோன் அவள் வாயையே பார்த்தார். உதடு அசைகிறது. முகத்தில் ஒரு மலர்ச்சி வந்து போகிறது. ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை.

காது போய்விட்டது என்று அவருக்கு முன்பே தெரியும். மில்லில் சிவக்கக் காய்ந்த கம்பி ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிற இடத்தில் முப்பத்தொரு வருடம் நின்றால் யாருக்குத்தான் போகாது? காதில் அடைத்துக்கொள்ள ரப்பர் கொடுப்பார்கள். அடைத்தால் தலைக்குமேல் வரும் கிரேனின் ஹாரன் கேட்காது, உயிருக்கே ஆபத்து. அதனால் எல்லோரும் அதைத் தாலிக்கயிறு மாதிரி கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வேலை பார்ப்பார்கள். வருடத்துக்கு ஒரு தடவை வேனில் வந்து காது பரிசோதனை செய்வார்கள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். வெளியே இருக்கும் டெக்னீஷியன் சத்தம் கொடுக்கும்போதெல்லாம் அவன் தோள் கொஞ்சம் அசையும். நம்மாள் தோளைப் பார்த்து அழுத்துவார். இப்படியே ஏழு வருடம் பாஸ்.

பாஸாகாதவன் கதி அவருக்குத் தெரியும். தேசப்பன் என்று ஒரு கூட்டாளி. காது போய்விட்டதென்று எழுதி, மிஷின் பக்கமே விடாமல் ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். டமாரம் என்று பட்டப்பெயர் வந்தது. கடைசியில் அவன் பெண்டாட்டியே அவனை அப்படித்தான் கூப்பிட்டாளாம். அந்தப் பெயரை வைத்தது வேறு யாருமில்லை, சாலமோன்தான். வைத்தவருக்கு அந்தப் பெயர் தன் வீட்டு வாசலுக்கும் வந்துவிடுமோ என்று நடுக்கம்.

பரிசோதனையில் பிழைத்துவிட்டாலும் ஆட்களிடம் பிழைக்க வேண்டுமே. அதற்கு மில்லில் ஒரு முறை உண்டு. அங்கே பாதிப் பேருக்கு இதே கதை என்பதால் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் வந்துவிடும். எதிரில் இருப்பவன் முகத்தைப் பார். சிரிக்கிறானா, "அதான் பாரேன்" என்று சொல். முகம் வாடியிருக்கிறதா, "த்சொ" கொட்டிக் கையைத் தொடு. புருவத்தைத் தூக்கி ஏதோ கேட்கிறானா, "அப்பால பாத்துக்கலாம்" என்று சொல்லிவிடு. இந்த மூன்று பதிலை வைத்துக்கொண்டு மீதி ஆயுசையும் ஓட்டிவிடலாம் என்று சாலமோன் நம்பினார்.

அன்றைக்கு சாராள் சிரித்தாள். "அதான் பாரேன்" என்றார். அவள் மேலே பேசப் பேச இவருக்கு வியர்த்தது. பத்து நிமிடம் தாங்கவில்லை, எழுந்து போய் கேட்டை ஆட்டிப் பார்த்தார். கீல் தேய்ந்திருக்கிறது, இன்றைக்கே சரிபண்ண வேண்டும் என்றார்.

அங்கே ஆரம்பித்ததுதான். கேட்டுக்குக் கீல் மாற்றினார். மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்தார். இரும்பு ராவுகிற கிரைண்டரும் வெல்டிங் மிஷினும் வாங்கிப் போட்டு, மொட்டைமாடியில் துணி காயப்போடக் கம்பம், தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு, கோழி வளர்க்காத வீட்டுக்குக் கோழிக்கூண்டு என்று செய்து தள்ளினார். கிரைண்டர் ஓடும்போது கட்டின பெண்டாட்டி எதிரே நின்று கத்தினாலும் காதில் விழாதது நியாயம்தானே. கவரைப்பேட்டையில் அவர்கள் குடியிருந்த தெருவே அவரைப் புகழ்ந்தது. ரிட்டையர் ஆனால் இப்படி இருக்கணும், சும்மா இருக்க மாட்டேங்கிறார் பாரு என்றார்கள். சும்மா இருந்தால் அகப்பட்டுக்கொள்வோம் என்ற பயம் யாருக்குத் தெரியும்?

வேலை தீர்ந்தால் பயணம். மகள் ஜெபா, மாப்பிள்ளை அன்புராஜ், பேத்தி எல்லோரையும் கூட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் படகு சவாரி போனார். ஐந்து பேர் பேசும் இடத்தில் ஒருத்தர் பேசாவிட்டால் தெரியாது. மற்றவர்கள் சிரிக்கும்போது சிரித்தால் போதும். பூண்டி ஏரிக்குப் போனார்கள், மாமல்லபுரம் போனார்கள். "அப்பா முன்னல்லாம் எங்கியும் வரவே மாட்டாரு, இப்ப பாரும்மா" என்று ஜெபாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

சாராளுக்கு சந்தேகமே வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அவள் குரல் எப்போதுமே சன்னம். அதோடு, நாம் பேசுவதைக் கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று நம்புகிறவர்களுக்கு சந்தேகம் வருவதில்லை. ஒருநாள் சாயங்காலம் மொட்டைமாடியில், அவர் நட்டுவைத்த கம்பத்தில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தவள், அப்படியே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பேச ஆரம்பித்தாள். வெகுநேரம் பேசினாள். நடுவில் அழுதாள். சாலமோன் "த்சொ" என்றார். இன்னும் அழுதாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது. என்ன சொன்னாள் என்று இவருக்குத் தெரியாது. நல்லபடியாக சமாளித்துவிட்டோம் என்று மட்டும் நினைத்துக்கொண்டார். அவரை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் அவர் கையைப் பிடித்தது பொய்யில்லை.

ஆடி மாதம் ஒகேனக்கலுக்குப் போனார்கள், அவர்கள் இரண்டு பேர் மட்டும். சாலமோனுக்கு அதைப்போல் பிடித்த ஊர் வேறில்லை. அருவி போடுகிற சத்தத்தில் அங்கே வந்தவர்கள் எல்லோருமே செவிடர்கள், எல்லோருமே கையைக் காலை ஆட்டித்தான் பேசினார்கள். இரண்டு நாள் ராஜா மாதிரி இருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சாராள் ஜன்னலோரம். வெயில் முகத்தில் அடிக்க வெளியே பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னாள். முகம் தெரியவில்லை. பிறகு திரும்பி அவரைப் பார்த்தாள். புருவம் உயர்ந்திருந்தது.

"அப்பால பாத்துக்கலாம்" என்றார் சாலமோன்.

அவள் கொஞ்சநேரம் அவரையே பார்த்தாள். சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு மறுபடி வெளியே பார்க்க ஆரம்பித்தாள். இவர் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அவளிடம் நீட்டினார்.

எட்டு மாதம் கழித்து சாராள் குளியலறையில் மயங்கி விழுந்தாள். தூக்கி உட்காரவைத்து ஈரத்துணி மாற்றப்போன ஜெபா, அம்மாவின் இடது மார்பைப் பார்த்துவிட்டு வாயில் கைவைத்து நின்றாள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வாரம் எல்லாப் பரிசோதனையும் எடுத்துவிட்டு டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினாள்.

டாக்டரம்மா முகத்தில் மாஸ்க். சாலமோனுக்கு முகம் பார்க்கிற வழியும் அடைபட்டது. டாக்டரம்மா சாராளிடம் ஏதோ கேட்டாள். சாராள் தலையைக் குனிந்துகொண்டு இவர் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னாள். டாக்டரம்மா இவர் பக்கம் திரும்பி, புருவத்தைச் சுருக்கி ஒன்று கேட்டாள். அப்பால பாத்துக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்ல முடியாதே. மரியாதையாகச் சிரித்து, "ஆமாங்க டாக்டர்" என்றார்.

கூட வந்திருந்த ஜெபா அவரைப் பார்த்த பார்வையை அவர் அதற்குமுன் எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் அவர் சட்டையைப் பிடித்து முகத்துக்கு நேராக நிறுத்தி ஜெபா கத்தினாள். அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு ஆத்திரத்தில் கத்தியதால் ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது.

"கட்டி கீதுன்னு அம்மா ஒகேனக்கல்லேர்ந்து வரும்போதே உன்னாண்ட சொல்லிக்கீது. ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேட்டுக்கீது. அப்பால பாத்துக்கலாம்னு சொல்லிக்கீற. அப்டியா சொன்னீங்கன்னு டாக்டர் கேட்டா பல்ல காட்டிக்கினு ஆமான்ற. மனுசனா நீ? அப்பவே வந்திருந்தா காப்பாத்திருக்கலாமாம்ப்பா. இப்ப எலும்பு வரிக்கும் போயிடுச்சாம்."

"எனக்குக் கேக்கல ஜெபா" என்றார் சாலமோன். அவர் குரல் எவ்வளவு உரக்க வந்ததென்று அவருக்கே தெரியவில்லை. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "காது கேக்காதும்மா எனக்கு. அவ இன்னா சொன்னான்னே தெரியாதும்மா."

தேசப்பனுக்கு வைத்த பெயரைத் தனக்கே வைத்துக்கொள்ள அவருக்கு அந்த வராந்தாதான் கிடைத்தது. ஜெபா அவர் சட்டையை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

நாலு நாளில் அன்புராஜ் அலைந்து காதுமிஷின் வாங்கிக்கொண்டு வந்தான். ரிட்டையர் ஆன அன்றைக்கே வாங்கியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? மாட்டிக்கொண்டதும் ஃபேன் சுற்றுவது கேட்டது, பக்கத்துக் கட்டில்காரி டிபன் டப்பாவைத் திறப்பது கேட்டது, தன் செருப்புச் சத்தமே கேட்டது. உண்மையைச் சொல்லிவிட்டால் சாராளின் மனத்தில் இருக்கும் ஒரு முள்ளையாவது எடுத்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. புருஷன் கல்நெஞ்சக்காரன், கேட்டும் தட்டிக்கழித்தான் என்ற எண்ணத்தோடு அவள் போய்ச்சேரக்கூடாது. அவர் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மில்லை, கண்ணாடி அறையை, டெக்னீஷியன் தோளை, மூன்று பதிலை. "பஸ்ல நீ சொன்னது சத்தியமா என் காதுல வுழல சாராளு. வுழுந்திருந்தா உன்ன தோள்மேல போட்டுக்கினு வந்திருக்க மாட்டனா?"

சாராள் மூடியிருந்த கண்ணைத் திறந்தாள். அவர் நினைத்த மாதிரி அந்த முகம் லேசாகவில்லை.

"எப்பத்துலேர்ந்து கேக்கல?" என்றாள்.

எத்தனையோ வருடத்துக்கப்புறம் அவள் குரலைக் கேட்கிறார். நினைவில் இருந்ததைவிடக் கிழடாகியிருந்தது.

"ஏழெட்டு வருசமா."

அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"அப்போ மாடியில மோசஸ பத்தி சொன்னேனே?"

மோசஸ் அவர்களுடைய முதல் பிள்ளை. ஒன்றரை வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அப்போது சாலமோன் ஷிப்டில் இருந்தார். வீட்டில் என்ன நடந்ததென்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை, அவளும் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

சாலமோன் தலையைக் குனிந்துகொண்டார்.

"என் கைய புடிச்சிக்கினியே" என்றாள் சாராள். "நான் பண்ணத சொன்னேன். சொல்லியும் இந்த மனுசன் என் கைய வுடலையே, மன்னிச்சிட்டாரேன்னு நெனச்சிக்கினேன். அன்னிலேர்ந்துதான்யா நான் நிம்மதியா தூங்குனேன்."

முள்ளை எடுக்க வந்தவர், அவளிடம் மிச்சமிருந்த ஒன்றே ஒன்றையும் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டார்.

"இப்ப சொல்லு சாராளு" என்று கெஞ்சினார். "இப்ப கேக்குது. நல்லா கேக்குது. நீ இன்னா பண்ணியிருந்தாலும் மன்னிக்கிறேன். திருப்பி சொல்லு."

"தெரியறதுக்கு முன்னாடியே மன்னிக்கிறன்றியே, அது இன்னா மன்னிப்பு?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சும்மா கேட்டாள். "ஒரு தபா சொல்றதுக்கே எனக்கு முப்பது வருசம் ஆச்சி, ஜெபா அப்பா. இன்னொரு தபா என்னால ஆவாது."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் முப்பத்தாறு நாள் இருந்தாள். சாலமோன் வேறெங்கும் போகவில்லை, வேறு வேலையும் வைத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து இரவு வரை அந்த ஸ்டூலில் மிஷினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடு என்பாள். ஃபேனைக் குறை என்பாள். தலையணையைக் கொஞ்சம் தூக்கு என்பாள். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் எல்லாம் அவருக்கு நன்றாகக் கேட்டது.