கிளெம்மின் கழுத்தில் தகரம்

எங்கள் பழங்காலத் துப்பாக்கிக் கிளப்பில் வறட்டுக் குண்டு போட்டவனுக்கு மரியாதை கிடையாது. வெடிமருந்தைக் கொட்ட மறந்து, குண்டை மட்டும் குழாய்க்குள் இறக்கி, கம்பியால் இடித்துவிட்டு, குறிபார்த்து விசையை இழுப்பான். மருந்தைப் பற்றவைக்க மாட்டுகிற சின்னக் கேப்பு மட்டும் 'டிக்' என்று வெடிக்கும். வரிசை முழுக்கச் சிரிக்கும். அப்புறம் அவன் கழுத்தில் தகரம் ஏறும். பழைய புகையிலை டப்பா மூடி, ஓட்டை போட்டு பூட்ஸ் கயிற்றில் கோத்தது. இன்னொருத்தன் அதே கூத்தைச் செய்கிற வரைக்கும், போட்டி ஞாயிறுகளில் அவன் அதை மாட்டிக்கொண்டுதான் திரிய வேண்டும்.

ஜூன் போட்டியில் அது என் புருஷன் அத்தோல் கழுத்தில் ஏறியது. நானும்தான் சிரித்தேன். ஜூலையிலும் அவனே. ஒரே காலையில் இரண்டு முறை.

"என்ன அத்தோல், மருந்த மிச்சம் புடிச்சு மாளிக கட்டப் போறியா?" என்றான் டட்லி. தேநீர்க் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவன். வாய்க்குப் பூட்டு கிடையாது.

இந்த முறை நான் சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் அத்தோல் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இங்கே யாரைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று என்னிடம் கேட்டிருந்தான்.

சுடுகளத்துக்குப் பொறுப்பு நான். விசில் என் கழுத்தில்தான் தொங்குகிறது. பெண்டிகோ ஊர் டாக்டரிடம் அத்தோலின் மறதியைப் பற்றி வாயைத் திறந்தால் அவர் போலீசுக்குச் சொல்லுவார், போலீஸ் வந்து துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அத்தோலுக்கு மிச்சம் இருந்தது மாதத்தின் இந்த இரண்டாம் ஞாயிறுப் போட்டி ஒன்றுதான். பேத்தியின் பெயர் மறந்து போய்விட்டது. ஆனால் துணித்துண்டில் ஆட்டுக்கொழுப்பைத் தேய்த்து, அதன் மேல் குண்டை வைத்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவானே, அது போகவில்லை. அதையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. போங்கள், சட்டத்தை வேறு யாராவது கட்டிக்கொண்டு அழட்டும்.

ஆகஸ்டில் கிளெம் ஹாக்கிங் வறட்டுக் குண்டு போட்டான். அத்தோலுக்குப் பக்கத்து மேடைக்காரன். மாதக் கோப்பைக்கு இவன் இல்லையென்றால் அவன். கல்யாணத்தில் அத்தோலுக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். கிளெம் மருந்து போட மறந்து ஒருவரும் பார்த்ததில்லை.

"கழட்டுடா கிழவா, இப்ப என் முறை," என்று சொல்லி அத்தோல் கழுத்திலிருந்து தகரத்தை வாங்கி மாட்டிக்கொண்டான்.

செப்டம்பரிலும் அவனே. ஆனால் அன்றைக்கு நான் பார்த்துவிட்டேன். மருந்தை அளந்தான், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தான், பூட்ஸ் காலடியில் புல்லில் கொட்டினான். பிறகு குண்டை இறக்கினான்.

வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "என்ன எழவு வேல இது?"

"ஒரு கெழவன் மறந்தா உத்து உத்துப் பாப்பாங்க லோர்னா. ரெண்டு கெழவன் மறந்தா சிரிச்சுட்டுப் போயிருவாங்க."

"அவன் எதையாவது வெடிக்க வெச்சான்னா?"

"அவன் கம்பிய நான் பாத்துக்கறேன். நான் இல்லாம அவன் கேப்பு மாட்ட மாட்டான்."

மருந்தையும் குண்டையும் இடித்துக் கெட்டிக்கிற கம்பியில் ஒரு கீறல் இருக்கும். ஒரு மருந்து, ஒரு குண்டு என்றால் கீறல் குழாய் வாயோடு சரியாக நிற்கும். கீறல் உள்ளே இறங்கிவிட்டால் வறட்டுக் குண்டு, ஆபத்தில்லை, சிரிப்புக்காக விட்டுவிடுவோம். மறந்துபோய் மேலே இன்னொரு முறை கெட்டித்திருந்தால் கீறல் உயர்ந்து நிற்கும். அதைச் சுட்டால் குழாய் பிளந்து முகத்துக்கு வரும். அதனால் பக்கத்து மேடைக்காரன் கீறலைப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் கேப்பு மாட்டலாம். கிளெம் அதை ஒழுங்காகச் செய்தான். பாவி, அவ்வளவு நல்லவன்.

அக்டோபர் ஞாயிறு, முதல் சுற்று முடிந்து எல்லாரும் கொட்டகையில் பட்டாணி சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தோம். அத்தோல் எழுந்து நின்றான். தொண்டையைச் செருமினான்.

"ஒரு ஆள வரிசையிலேந்து எடுக்கணும்," என்றான். "எனக்குச் சொல்லவே வாய் வரல. ஆனா சொல்லித்தான் ஆகணும்."

டட்லி கரண்டியைக் கீழே வைத்தான்.

"கிளெம்முக்குப் புத்தி தடுமாறுது. ரெண்டு மாசமா அவன் கழுத்துலதான் தகரம் கெடக்கு. நீங்க எல்லாம் சிரிக்கிறீங்க. இன்னிக்கு மருந்து போட மறக்கிறவன், நாளைக்கு ரெண்டு தடவ போடுவான். பக்கத்துல நிக்கறவன் நான். எனக்கு உயிர் மேல ஆசை இருக்கு." அவன் கண் கலங்கியிருந்தது. "எனக்கு இப்படி ஆச்சுன்னா கிளெம் எந்திரிச்சு சொல்லுவான். சொல்லணும்."

ஒரு ஆளால் ஆபத்து என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால், அந்த நிமிஷமே ஆளை வரிசையிலிருந்து எடுக்க வேண்டும், விசாரணையெல்லாம் பிறகு. அது எங்கள் விதி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கிளெம்மைப் பார்த்தேன். நான் உண்மையைச் சொன்னால் அத்தோலின் மானம் அத்தனை பேர் முன்னால் போகும், துப்பாக்கியும் போகும். கிளெம் லேசாகத் தலையை அசைத்தான், வேண்டாம் என்று.

"அவன் சொல்றது சரிதான்," என்றான் கிளெம். "கொஞ்ச நாளா எனக்கு ஒண்ணும் நெனப்புல நிக்கறதில்ல."

துப்பாக்கியைக் கொண்டுவந்து என் முன்னால் மேசைமேல் வைத்தான். அவன் தாத்தாவின் துப்பாக்கி.  எனக்கு அந்தச் சூப் பானையைத் தூக்கி எங்கேயாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

இரண்டாம் சுற்றுக்கு விசில் ஊதினேன். கிளெம்மின் மேடை காலி. அதனால் அத்தோலின் கம்பியைப் பார்க்க நானே போய் நின்றேன். முதல் இரண்டு குண்டும் ஒழுங்காகப் போயின. மூன்றாவதைக் கெட்டித்தான். நடுவில் குவாரிப் பக்கமிருந்து கொண்டைக் கிளிக் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு பறந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தான். அப்புறம் மறுபடி மருந்துக் குப்பியை எடுத்தான். தடுத்திருக்கலாம். எங்கேயோ ஒரு மூலையில், குப்பியைச் சும்மா நகர்த்தி வைக்கத்தான் எடுக்கிறான் என்று நம்பினேன். கொட்டினான். குண்டை வைத்தான், இடித்தான். கீறல் மூன்று விரல்கடை உயரத்தில் நின்றது.

அவன் கை கேப்புக்குப் போனது. நான் துப்பாக்கிக் குதிரைமேல் என் உள்ளங்கையை வைத்து மூடினேன்.

"கம்பியப் பாரு அத்தோல்."

பார்த்தான். கம்பியைப் படிக்க அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முகம் வெளுத்துப்போனது.

"இது என் கம்பிதானே?"

"உன் கம்பிதான்."

"ரெண்டு தடவ கெட்டிச்சிருக்கேன்." கீறலை விரலால் தடவினான். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பினான். "கிளெம்முக்கு ஒண்ணும் இல்ல. அப்படித்தானே? எனக்காகத்தான் அந்தத் தகரத்தப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சான்."

"ஆமா."

"அட கடவுளே. அத்தன பேர் முன்னாடி நான் அவன... லோர்னா, இப்பவே போய் அவன்கிட்ட சொல்லணும்."

வரிசையை நிறுத்தினேன். குழாயில் தண்ணீர் ஊற்றி மருந்தைச் செத்துப்போக வைத்தேன். அதற்குள் அவன் நடக்க ஆரம்பித்திருந்தான். வேகமாக, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போனான். பாதி வழியில் டட்லி குறுக்கே வந்து, "என்ன அத்தோல், அதுக்குள்ள முடிஞ்சுதா? மழை வரும்ங்கறாங்க," என்றான். அத்தோல் நின்று வானத்தைப் பார்த்தான். மழையைப் பற்றி ஏதோ சொன்னான். மறுபடி நடந்தான். இப்போது மெதுவாக.

நான் எட்டிப் பிடித்தபோது அவன் கிளெம்முக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான். கிளெம் கழுத்தில் தகரம் இன்னும் தொங்கியது. அத்தோல் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தான், அது ஏன் கையில் இருக்கிறது என்று யோசிப்பவன் போல. பிறகு தகரத்தைப் பார்த்தான். முகம் தெளிந்தது.

"மனச விட்டுறாத கிளெம்," என்று சொல்லி அவன் தோளைத் தட்டினான். "மறதி யாருக்கு வேணா வரும்."

கிளெம் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் எத்தனை முறை அவனுக்குச் சொல்வது.

அடுத்த வாரம் நானே டாக்டருக்குப் போன் செய்தேன். போலீஸ் வந்தது, துப்பாக்கிகள் போயின. அத்தோலுக்கு அதுவும் நினைவில் இல்லை. அந்த ஞாயிற்றிலிருந்து அவன் மண்டையில் தங்கியது ஒன்றே ஒன்றுதான். கிளெம் இரண்டாம் ஞாயிறுகளில் கேக் வாங்கிக்கொண்டு வருகிறான். அத்தோல் அவனை வீட்டுக்குள் விடுவதில்லை.

"துப்பாக்கி இருக்கற வீடு," என்பான் என் காதருகே. "பாவம், அவனுக்குப் புத்தி சரியில்ல. வெளியிலயே வெச்சுப் பேசி அனுப்பு."

கிளெம் படலுக்கு அந்தப் பக்கம் நின்றே டீ குடித்துவிட்டுப் போகிறான்.