சனிக்கிழமை பத்து முதல் பதினொன்று வரை

2011 ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு, யசீகரனின் சட்டைப் பையில் இருந்த கம்பெனிப் பேனா அம்மிக்கல்லின் கனத்துக்கு வந்தது. மறந்து எடுத்து வந்த பேனா. மவுண்ட் ஆல்பர்ட்டில் வீட்டு வாசல்வரை வந்தவர், வளைந்த முதுகோடு காரைத் திருப்பி, தான் வேலை செய்யும் ஈஸ்ட் டாமாக்கிக் கிடங்கில் அதை வைத்துவிட்டு நிமிர்ந்து வந்து சோறு சாப்பிட்டார். அன்றிலிருந்து தனதல்லாத எதுவும் அவருக்குக் கனத்தது. அவர் திருப்பிக் கொடுத்து வர நேரம் விட்டு, மனைவி சுகந்தினி இரவுச் சாப்பாட்டை அரை மணி தள்ளி வைத்தாள்.

அவளுடைய கவலை தம்பி கீதன். முப்பத்தொரு வயது, அதே கிடங்கில் அத்தான் எடுத்துக் கொடுத்த வேலை. கிடங்கின் டேப், கையுறை, டார்ச் லைட் எல்லாம் அவன் பையில் இறகாக வீடு வந்தன. பிடிபட்டால் வேலை போகும், வேலையோடு விசாவும் போகும். கணக்கு வராத பிள்ளைக்கு டியூஷன் வைக்கிற ஊரில் பிறந்தவள், கணவரை வாத்தியாராக்கி இதற்கும் வைத்தாள். சனிக்கிழமை பத்து முதல் பதினொன்று வரை, சமையலறை மேசையில், எழுத ஒரு புதுக் கொப்பியோடு. யசீகரன் ஒரு டேப் சுருளை மைத்துனன் உள்ளங்கையில் வைப்பார்.

"கனக்குதோ?"

"பஞ்சு மாதிரிக் கிடக்கு, அத்தான். உங்களுக்குத்தான் முதுகிலை நாரிப்பிடிப்பு."

மூவரும் சிரிப்பார்கள். தேநீர் ஆறும். இரண்டு குளிர்காலம் அப்படிப் போனது. பின்னாளில் சுகந்தினி நினைத்து ஏங்கியது அந்தச் சனிக்கிழமைகளைத்தான். கொப்பி நிரம்பிய வாரம் கீதன் பிடிபட்டான். மாதம் முடியுமுன் யாழ்ப்பாணத்தில் இருந்தான். தனக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியவில்லை என்று யசீகரன் பத்து வருடம் சொல்லிக்கொண்டிருந்து, ஓர் ஆகஸ்டில் இறந்தார்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்குக் கீதன் வந்து இறங்கினான். விமான நிலைய வாசலருகே வந்ததும் அவன் கைப்பையை ஊழியர் மூவர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. அவன் மண்டியிட்டுப் பையைத் திறந்தான். விமானத்தில் போர்த்தத் தந்த நீலப் போர்வையை வெளியே எடுத்து, தரையோடு இழுத்துப் போய் விமானக் கம்பெனியின் கவுண்டரில் கொடுத்தான். அங்கிருந்த பெண் 'போர்வை, ஒன்று' என்று எழுதி, மடித்து வைத்தாள். பிறகு அவன் பையை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு, கூட்டிப்போக வந்திருந்த சுகந்தினியிடம் வந்தான்.

"எப்ப துடங்கினது, தம்பி?"

"ஆறு வருசமாச்சு, அக்கா. மறதியா எடுத்தாலும் கனக்குது. அத்தானுக்குச் சொல்ல வெக்கமாக் கிடந்தது. சிரிப்பாரெண்டு விட்டிட்டன்."

சுகந்தினி கார்ச் சாவியைக் கையில் வைத்தபடி கேட்டாள்.

"அப்ப, அவர் பழக்கித்தானே வந்தது?"