கீழக்கரை மாடியில் பெய்த மழை

சுகந்தி ஊருக்கு மழை சொல்கிறவள். சொந்த ஊரான வெள்ளையேந்தலுக்கு மட்டுமல்ல, கடலாடி, முதுகுளத்தூர்ப் பக்கம் எழுபது கிராமங்களுக்கு. அவள் முகம் தெரியாதவர்களுக்கும் குரல் தெரியும். மிளகாய் களத்தில் காய்கிற நாட்களில் போன் அடிக்கும். எடுத்தால், "சுகந்தி பேசுறேன். மழை வருது. மிளகாய மூடுங்க" என்று சொல்லிவிட்டுத் தானாகவே வைத்துவிடும். ஆறு வருஷத்துக்கு முன்னால் பரமக்குடியில் ஒரு சின்ன அறையில், சத்தம் விழக்கூடாதென்று ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் பேசிப் பதிவு செய்த பேச்சு அது.

அந்தக் கம்பெனியின் பெயர் 'முன்சொல்'. ஆரம்பித்தவன் வீரமணி, அவளோடு கல்லூரியில் படித்தவன். கீழக்கரையில் ஒரு மொட்டை மாடியிலும், புதுமடம், மாரியூரில் ஊருக்கொரு மாடியிலும் மழை அளக்கிற பெட்டிகளை வைத்தான். கிழக்கேயிருந்து அடிக்கிற கொண்டல் காற்றோடு வருகிற மழை கீழக்கரையை நனைத்துவிட்டு உள்நாட்டுக் கிராமங்களுக்கு வர முக்கால் மணி நேரம் ஆகும். பெட்டி நனைந்த நிமிஷமே எழுபது கிராமத்திலும் போன் அடிக்கும். பட்டன் போன் போதும். மழை இல்லாத நாளில் கூப்பிடவே கூடாது என்பது வீரமணியின் சட்டம். சும்மா சும்மா கூப்பிட்டால் எவனும் எடுக்கமாட்டான் என்பான்.

வம்பு அந்தச் சட்டத்தில்தான் இருந்தது. ஆறு வருஷத்தில் சனங்கள் ஒரு பாடத்தை நெட்டுருப் போட்டுவிட்டார்கள்: போன் அடிக்கவில்லையென்றால் மழை இல்லை. வானம் கறுத்தாலும் சரி, தவளை கத்தினாலும் சரி, போன் சும்மா கிடந்தால் களத்தில் மிளகாயை விரித்துப் போட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போகலாம், காதுகுத்துக்குப் போகலாம், கால் நீட்டிப் படுக்கலாம். தார்ப்பாய் வீட்டில் மடித்துக் கிடந்தது.

போன ஆவணியில் முன்சொல்லைப் பெரிய வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கிக்கொண்டது. சுகந்தி வீட்டுக்கும் ஒரு கிலோ இனிப்பு வந்தது. அவளும் சந்தோஷப்பட்டாள், பொய் சொல்வானேன். பெரிய இடத்துச் சம்பந்தம், இனி நம்ம குரல் உலகமெல்லாம் போகும் என்று நினைத்தாள். போகப் போகத்தான் தெரிந்தது. நகையைக் கழற்றிக்கொண்டு பெண்ணைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விடுகிற சம்பந்தம் அது. வீரமணியும் ஆறு இஞ்சினியர்களும் மழையைக் கணக்குப் பார்த்துப் போன் போடுகிற புரோகிராமும் பெங்களூருக்குப் போனார்கள். பெட்டிகளைத் துடைத்துப் பார்த்துக்கொள்கிற சுகந்தியின் வேலை தை மாதத்தோடு முடிந்தது. மாசியில், வரும் வெள்ளிக்கிழமையோடு சேவை நிறுத்தப்படும் என்று ஒரு மெயில் வந்தது.

மிளகாய் விவசாயிகளுக்கும் தகவல் அனுப்பியிருந்தார்கள், இங்கிலீஷில், எஸ்.எம்.எஸ். ஆக. கிழக்கே மூன்று மைலில் கீழப்பொட்டலில் இருக்கிற பூமயில் மதினி போனைத் தூக்கிக்கொண்டு வந்து, இது லோன் தாரேங்கிற மெசேஜா என்று கேட்டாள். சுகந்தி படித்துப் பார்ப்பதற்குள், போன வருஷம் இப்படி ஒன்றை அமுக்கித்தான் காசு போச்சு என்று அழித்தும்விட்டாள்.

இனி வானம் பொத்துக்கொண்டு ஊற்றினாலும் போன் அடிக்காது. அடிக்காத போனைப் பார்த்து, மழை இல்லை என்று எழுபது கிராமமும் படுத்திருக்கும். ஒரு மழையில் நனைந்த மிளகாய் கறுத்து, பூசணம் பிடித்து, எந்த வியாபாரியும் தொடாத குப்பையாகிவிடும். வருஷம் முழுக்கப் பட்ட பாடு அதோடு போச்சு.

வீரமணியைக் கூப்பிட்டாள். ஒரே ஒரு அழைப்பு, இனிமேல் போன் வராது, வானத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தன் குரலில் சொல்லவேண்டும், அவ்வளவுதான் என்றாள். அவன் மறுக்கவில்லை, மறுத்திருந்தால்கூடத் திட்டித் தீர்த்திருக்கலாம். சட்டப் பிரிவில் கேட்கவேண்டும், மொழிப் பிரிவு பார்க்கவேண்டும், மூன்று வாரமாகும் என்றான். நம்பர்களையாவது கொடு என்றாள். அது கம்பெனிச் சொத்து, தன்னாலேயே எடுக்கமுடியாது என்றான்.

"புதுசா ஒண்ணும் சேக்க முடியாது சுகந்தி. வித்த அன்னைக்கே பூட்டிட்டாங்க. வெள்ளிக்கிழம வரைக்கும் பழசு ஓடும், அம்புட்டுதான்."

வெள்ளையேந்தலில் கோயில் ஒலிபெருக்கியில் சொன்னாள். பக்கத்தில் இரண்டு ஊர்களுக்குப் பஸ்ஸில் போய்ச் சொன்னாள். கேட்டுக்கொண்டார்கள், காப்பி கொடுத்தார்கள், நம்பவில்லை. பூமயில் முகத்துக்கு நேராகவே சொன்னாள்:

"நின்னுபோறதா இருந்தா அத நீ போன்லல்ல சொல்லிருப்ப?"

எதிரில் நிற்கிற சுகந்தியைவிடப் போனில் பேசுகிற சுகந்திக்கு மதிப்பு அதிகம். தன்னோடு தானே போட்டி போட்டுத் தோற்றுப்போய் அவள் வீட்டுக்கு வந்தாள். வரும் வழியில்தான் வீரமணி சொன்னது மறுபடி மனசில் ஓடியது. பழசு ஓடும். பெட்டி நனைந்தால் போன் அடிக்கும்.

புதன்கிழமை உச்சி வெயிலில் கீழக்கரையில் ஹமீது சுல்தான் வீட்டுக்குப் போனாள். அவர் முப்பது வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர், பெட்டி அவர் மாடியில்தான் இருக்கிறது. ஒரு செம்புத் தண்ணீர் கேட்டாள். அவர் மனைவி காலிதா குடிக்கத்தான் கேட்கிறாளென்று குளிர்ந்த தண்ணீராகக் கொண்டுவந்தார். சுகந்தி எல்லாவற்றையும் சொன்னாள். பொய் சொல்கிற போனை யாரும் நம்பமாட்டார்கள், நம்பாவிட்டால் பழையபடி வானத்தைப் பார்ப்பார்கள், தனக்கு வேறு வழி தெரியவில்லை என்றாள்.

ஹமீது சுல்தான் செம்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒன் பேரு கெட்டுப்போகுமேம்மா."

"போகட்டும் பாய்."

"நான் நோம்பு வச்சிருக்கேன். பொய்யுக்கு என்னைய கூட்டுச் சேக்காத" என்றார். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பெட்டிக்கு ஏறுகிற ஏணியை ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

சுகந்தி செம்பைக் கவிழ்த்தாள். கீழக்கரையில் மழை பெய்தது.

திரும்புகிற பஸ்ஸில், முன்சீட்டில் இருந்த பெரியவர் முதல் தரம் போனை எடுக்கவில்லை போலிருக்கிறது, அது மறுபடி அடித்து அவள் குரலே வந்தது. பெரியவர் அடுத்த நிறுத்தத்தில் அடித்துப்பிடித்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயல் வரப்பில் ஓடினார். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. ஓடுகிற அந்தக் கிழவரைப் பார்க்க அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் இரண்டாவது செம்பைக் கவிழ்த்துவிட்டுத் திரும்புகையில், அதே பஸ்ஸில் இரண்டு பெண்கள் சுகந்தி என்கிற பெயரைச் சொல்லி, அவ வாயில மண்ணு விழ என்று ஏசிக்கொண்டு வந்தார்கள். அவள் சீட்டு நுனியில் உட்கார்ந்து, ஆமாம் என்பதுபோலக் கேட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீரமணி கூப்பிட்டான். "புதுமடம், மாரியூரு எல்லாம் காஞ்சு கெடக்கு, கீழக்கரையில மட்டும் ரெண்டு நாளா மழ. என்னான்னு பாருன்னு எனக்குத்தான் மெயிலு வந்துருக்கு" என்றான். அவள் வாய் திறப்பதற்குள், திங்கக்கிழமை பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டான். திங்கட்கிழமை பார்க்க எதுவும் இருக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவன் செய்யமுடிந்த நன்மை அவ்வளவுதான் போலிருக்கிறது. அதையாவது செய்தான்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது செம்பு. அன்றைக்கு மிளகாயை மூட யாரும் ஓடவில்லை. பூமயில் மட்டும் வெள்ளையேந்தலுக்கு நடந்தே வந்து, இரண்டு நாளாக வெயிலில் நாயாக அலைந்த கதையைச் சொல்லி, ஆறு வருஷ நம்பிக்கையில் மண்ணை அள்ளிப் போட்டாயே என்று தெருவில் நின்று திட்டிவிட்டுப் போனாள். சுகந்தி வாசலில் நின்று வாங்கிக்கட்டிக்கொண்டாள். காரணத்தைச் சொன்னால் செய்தது வீணாகிவிடும். அதன் பிறகு மதினி பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டாள்.

சேவை நின்ற பதினோராம் நாள் மத்தியானம் சுகந்தி தன் களத்தில் மிளகாயைக் கிளறிவிட்டு வந்து சாப்பிட்டாள். வாசல் வெளிச்சம் கொஞ்சம் மங்கியிருந்தது. போனை ஒரு தரம் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. தலைக்கு முந்தானையைச் சுருட்டி வைத்துப் படுத்துவிட்டாள். ஆமாம், அவளேதான்! ஊருக்கெல்லாம் அந்தப் பழக்கத்தை முறிக்க மூன்று செம்பு தண்ணீர் ஊற்றியவள், தனக்கு ஒரு சொட்டு ஊற்றிக்கொள்ள மறந்துவிட்டாள்.

போன் அடித்தது. பூமயில்.

"இங்கன மழ கொட்டுது. மிளகாய மூடு."

"மதினி..."

"ஒன் போனு பொய் சொல்லும். நான் சொல்லமாட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

சுகந்தி செருப்புப் போடாமல் ஓடினாள். கிழக்கே வானம் இடிந்து வருகிற மாதிரி இருந்தது. தார்ப்பாயை இழுத்து நாலு மூலையிலும் கல்லை வைத்தபோது முதல் துளிகள் அவள் முதுகில் விழுந்தன. நனைந்துகொண்டே, மேற்கே அடுத்த ஊரில் இருக்கிற முத்தழகு அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் எடுத்ததும், "சுகந்தி பேசுறேன். மழை வருது" என்று வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. எங்கே வைத்துவிடுவாரோ என்று பயம் வந்தது.

"வச்சுறாதீகண்ணே, நெசமாவே நான்தான் பேசுறேன்" என்றாள்.