பாலம் வராத மதியம்

சமையற்காரருக்கு மணி பார்க்கத் தெரியாது என்றில்லை, தேவைப்பட்டதில்லை. ஆற்றில் தூர்வாரிய சேற்றைச் சுமக்கும் படகில், இருபத்தெட்டு வருடமாகக் கரையைப் பார்த்தே சமைத்தார். செங்கல் சூளை தெரிந்தால் அரிசி போடுவார். இரும்புப் பாலத்தின் நிழல் அடுப்பில் விழுந்தால் கஞ்சி வடிப்பார். ஒருநாளும் பிசகியதில்லை.

அன்று துறையின் டைரக்டர் வந்தார். படகுச் சமையலை மூடிவிட்டுக் கரையிலிருந்து பொட்டலச் சோறு கொடுக்கலாமா என்று சாப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வாராம். சாப்பாட்டுக்குக் ‘கள ஆய்வு’ என்று பெயர், அதற்கொரு கோப்பு, கோப்பைத் தூக்க ஓர் ஆள். படகு ஓடினால் ஐயாவுக்குத் தலைசுற்றும் என்று படகைச் சூளைக்கு எதிரிலேயே கட்டிவிட்டார்கள்.

“அண்ணே, சொதப்பிடாதீங்க. உங்க வேலையோட எங்க வயிறும் போயிடும்” என்றார் படகோட்டி.

“போய்யா, நான் பாக்காத டைரக்டரா?”

அரிசி போட்டார். சூளை நகரவில்லை. அதன் புகைபோக்கி ஜன்னலில் ஆணியடித்த மாதிரி நின்றது. வேறு வழியில்லாமல் கண்ணை மூடி, மனசுக்குள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

நாணல் போயிற்று. கொக்குகள் போயின. தண்ணீர் வெளுத்து, சத்தமில்லாமல் அடுப்படிக்குள் வந்து முழங்காலைத் தொட்டது. வளைவில் அவர் வீட்டுப் படித்துறை. மனைவி துணி பிழிந்துகொண்டிருந்தாள். தினமும் அங்கே கையசைக்கத்தான் நேரமிருக்கும். இன்று படகு இவர் கையில் அல்லவா? நிறுத்தினார்.

“என்ன, இந்நேரத்துல வந்து நிக்கிறீங்க?”

“சும்மாதான்.”

“சும்மாவா? அடுப்புல என்ன இருக்கு?”

விழித்தார். சோறு கூழாகியிருந்தது.

டைரக்டர் ஒரு கவளம் வாயில் வைத்தார். கோப்புக்காரர் பேனாவைத் திறந்தார். இன்னொரு கவளம். முடிவு சொல்ல வந்தவர் வாய் திறந்ததெல்லாம் சோற்றுக்குத்தான். மூன்றாவது முறை தட்டை நீட்டியபோது தாடையைத் தடவினார்.

“புது பல்செட்டுய்யா. பத்து நாளா ஒண்ணும் இறங்கல. பொட்டலச் சோறு விறைச்சுப் போயிருக்குமே, வேணாம்.”

‘படகுச் சமையல் தொழில்நுட்ப ரீதியாகச் சிறந்தது’ என்று கோப்பில் ஏறியது. டைரக்டர் கரையேறியதும் படகோட்டி அடுப்படிக்கு வந்தார்.

“இனிமே தினமும் இந்தத் தொழில்நுட்பந்தானா அண்ணே?”

“வாயை மூடிட்டுக் கயித்தை அவுருய்யா.”

சூளை நகர்ந்தது. வேலை போய்விட்டால் கையசைக்க மாட்டேன் என்று காலையிலேயே மனைவியிடம் சொல்லியிருந்தார். வளைவில், துணியெல்லாம் காய்ந்த பிறகும் அவள் நின்றுகொண்டிருந்தாள். கரண்டியோடு கையை ஆட்டினார். அவள் படியில் உட்கார்ந்துகொண்டாள். படகு நிற்கவில்லை.

பாலத்தின் நிழல் காலிப் பானைமேல் விழுந்தது. கை தானாக வடிதட்டைத் தேடியது.