ஆதரிப்பவர் எவருமில்லை

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் உட்காருவதற்கென்று தஸ்தகீர் தன் புளி மண்டியிலிருந்து இரும்பு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து இறக்கியபோது பாஞ்சாலிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்த நாற்காலியில் தஸ்தகீரைத் தவிர இன்னொருவர் உட்கார்ந்து கம்பைநல்லூரில் யாரும் பார்த்ததில்லை. கூரை தாழ்ந்த அவளுடைய ஒற்றை அறையில் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் மூன்று தடவை இடம் மாற்றினார். தலையாரி தீர்த்தகிரி முந்தின நாள் வந்து, "நாளைக்கு ஆர்.ஐ. ஐயா உன்ன நேர்ல பாக்க வர்றாரு, எங்கியும் போயிடாத" என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து தெருவே ஒரு நிலையில் இல்லை. பாஞ்சாலியைப் பார்த்து எங்கேயும் போய்விடாதே என்று சொன்ன முதல் ஆள் அவன்தான்.

மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அவளுடைய இடது கால் சூம்பிப்போயிற்று. முப்பத்தெட்டு வயதிலும் தொடையில் கையை ஊன்றித்தான் நடக்கிறாள். தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்தாயிற்று, கூடப் பிறந்தவர்களும் கிடையாது. மாசி பங்குனியில் தஸ்தகீரின் மண்டியில் உட்கார்ந்தபடியே புளி தட்டிக் கொட்டை எடுப்பாள். மற்ற மாதங்களில் தஸ்தகீரின் மனைவி ரஹமத் பீவி எதிர்வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பை மூடி எடுத்துக்கொண்டு வருவாள். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் களியுருண்டையைத் தட்டில் வைத்து நீட்டுவாள். யார் மேலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் வாங்குகிற கை எப்போதும் தன் கையாகவே இருப்பது பாஞ்சாலிக்கு உறுத்திக்கொண்டேயிருந்தது.

ஊனமுற்றவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் பணம் தருகிறதாம் என்று எழுபத்தைந்தாம் வருஷம் ரஹமத் பீவிதான் எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தாள். அவளே கூடப் போய் அரூருக்கு பஸ் ஏற்றினாள். தாலுகா ஆபீசுக்கு நான்கு நடை, தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு இரண்டு நடை. டாக்டர் காலை அமுக்கி வலிக்கிறதா என்று கேட்டார். வலித்தால் கிடைக்குமா, வலிக்காவிட்டால் கிடைக்குமா என்று தெரியாமல் "கொஞ்சமா வலிக்குதுங்க" என்று இரண்டுக்கும் பொதுவாகச் சொல்லிவைத்தாள். எட்டு மாதம் கழித்து மணியார்டர் வந்தது. இருபது ரூபாய். அன்றைக்கே தேங்காயும் வெல்லமும் வாங்கிக் கொழுக்கட்டை அவித்தாள். ஒரு கையைத் தொடையில் ஊன்றி, மறு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுப் படியேறினாள். தெருவைக் கடந்த அந்தப் பத்தடி தூரத்தை இன்னும் நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள். இந்தப் பணம் நின்றுபோனால் பட்டினி கிடக்கப்போவதில்லை. ஆனால் தட்டு மறுபடியும் ஒரு பக்கமாகவே வந்துகொண்டிருக்கும். அதைத்தான் இனி அவளால் தாங்க முடியாது.

வருஷத்துக்கு ஒருமுறை நேரில் வந்து பார்த்து எழுதினால்தான் பணம் தொடரும் என்று தலையாரி சொல்லியிருந்தான். ஆபீசர் நம் தெருவுக்கு வருகிறார், பாஞ்சாலி வீட்டில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாதே என்பது ரஹமத் பீவியின் கவலை. ஒன்றுமே இல்லை என்று அவர் நினைப்பதுதான் காரியம் என்பது தெருவில் ஒருத்தர் மூளைக்கும் எட்டவில்லை. பாஞ்சாலியின் மூளைக்கும்தான். பொழுது ஏறுவதற்குள் ரஹமத் பீவியின் கல்யாணப் போர்வை பாய் மேல் விரிந்தது. கோவிந்தம்மாளின் எவர்சில்வர் குடம் மூலையில் ஏறியது. தஸ்தகீர் வீட்டுச் சுவர்க்கடிகாரம் மண்சுவரில் ஆணி நிற்காமல் இரண்டு தடவை விழப்பார்த்து ஒருவழியாகத் தொங்கியது. எதிர்வீட்டு அடுப்பில் முந்திரி போட்ட சேமியாப் பாயசம் கொதித்தது.

பதினொரு மணிக்கு ஆர்.ஐ. கிருஷ்ணப்பன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஐம்பதை நெருங்கிய மனிதர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நாற்காலியில் சாய்ந்து, கொடுத்த பாயசத்தைக் கடைசி முந்திரி வரைக்கும் குடித்தார். அதற்குப் பிறகுதான் கண்ணைச் சுழற்றினார். கடிகாரத்தைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், போர்வையின் சரிகையை விரலால் தொட்டுப் பார்த்தார். இதெல்லாம் யாருடையது என்று கேட்டார். தெருக்காரர்கள் கொடுத்தது, நல்லது கெட்டதுக்கு எல்லாம் அவர்கள்தான் என்று பாஞ்சாலி பெருமையாகவே சொன்னாள். காய்ச்சலில் கிடந்தபோது ரஹமத் பீவி பதினேழு நாள் கஞ்சி ஊற்றியதையும் சேர்த்துச் சொன்னாள்.

அவர் பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்தார்.

"ஏம்மா, ஆதரிப்பவர் எவருமில்லைன்னு மனுவுல கைநாட்டு வெச்சிருக்கீங்க. யாராச்சும் பாத்துக்கறாங்கன்னா பென்ஷன் கெடையாது. இப்ப உங்க வாயால சொல்லுங்க. உங்களுக்கு யாராச்சும் இருக்காங்களா, இல்லியா?"

பாஞ்சாலிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. அரூரில் மனு எழுதுகிறவர் என்னவோ எழுதினார், இவள் விரலை வைத்தாள். அது காகிதம். இது வாய். நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். கரண்டியும் கையுமாக ரஹமத் பீவி, அவள் தோளுக்குப் பின்னால் கோவிந்தம்மாள், கொஞ்சம் தள்ளித் தஸ்தகீர். இல்லை என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும். இவர்கள் முகத்துக்கு நேரே அதைச் சொல்லிவிட்டு, நாளைக்கு எந்த வாயால் பீவிக்கா என்று கூப்பிடுவது? போனால் போகட்டும் பணம் என்று ஒரு கணத்தில் முடிவு செய்துவிட்டாள்.

"சார், எனக்கு..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"அதுக்கு யாருமில்லீங்க சார்" என்றாள் ரஹமத் பீவி, வாசற்படியிலிருந்தே. "நாங்க சும்மா எதிர்வூட்டுக்காரங்க. ஆபீசர் வர்றாருன்னு சாமானத்த கொண்டாந்து வெச்சோம், அவ்ளோதாங்க."

சொன்ன வேகத்திலேயே உள்ளே வந்து போர்வையை உருவிச் சுருட்டினாள். கோவிந்தம்மாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். தஸ்தகீர் கடிகாரத்தைக் கழற்றினார். ஆணியும் கூடவே வந்துவிட்டது. நாற்காலியையும் எடுக்க வேண்டுமே என்று அதைப் பார்த்தார், அதில் ஆபீசர் உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "எங்களுக்கும் இந்தப் பொண்ணுக்கும் பேச்சுவார்த்தையே கெடையாதுங்க" என்றார். வியாபாரத்தில் பொய் சொல்லத் தெரியாதவர் என்று பெயர் எடுத்த மனிதர். எந்தத் தொழிலையும் பழகாமல் செய்தால் இப்படித்தான்.

பாஞ்சாலிக்குக் கண்ணில் நீர் முட்டியது. துக்கம் ஒன்றுமில்லை. தன்னை அனாதையாக்க இத்தனை பேர் சேர்ந்து பாடுபடுவதைப் பார்க்க அவளுக்குப் பூரிப்பாக இருந்தது.

கிருஷ்ணப்பன் காலி டம்ளரை எங்கே வைப்பது என்று பார்த்தார். அதுவும் யாருடையதோ என்று நினைத்தாரோ என்னவோ, தரையில் வைத்தார். பிறகு தொடை மேல் காகிதத்தைப் பரப்பி, "ஆதரிப்பவர்... எவரு... மில்லை" என்று வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதினார். மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். பாஞ்சாலி இடது கட்டைவிரலை உருட்டி வைத்தாள். அழுத்தி உருட்டியதில் ரேகை சற்று அகலமாகவே விழுந்தது. அதை ஊதிக் காயவைத்துக் கட்டுக்குள் சொருகிவிட்டு அவர் வெளியே போய்ச் சைக்கிளைப் பிடித்தார்.

மை ஒட்டிய விரலைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாஞ்சாலி வாசல் வரைக்கும் நொண்டி வந்தாள். பேச்சுவார்த்தை இல்லாத ரஹமத் பீவிக்கு அது பொறுக்கவில்லை. அவள் கையை வெடுக்கென்று இழுத்து, தன் முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து, குழந்தைக்குத் துடைப்பதுபோல் நகக்கண் வரைக்கும் அழுத்தித் துடைக்கத் தொடங்கினாள். தஸ்தகீர் பதறிப்போய் "ஏய்" என்றார். ரஹமத் பீவி திடுக்கிட்டு நிமிர்ந்தாள், ஆனால் கையை விடவில்லை. கிருஷ்ணப்பன் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் குனிந்து, காற்று நிறைந்து கல்லாக இருந்த பின்சக்கரத்தை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.