ஒரே ஒரு நாற்காலி

இணையதளத்தில் எழுதித் திருத்துவதற்கு ஆம்பூரில் இரண்டு மென்பொருள்கள் கிடைத்தன. ஒன்று பழைய பதிப்புகளை மறந்துவிடும். மற்றது எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும். அதைப் போட்டால், ஒவ்வொரு பதிப்பையும் எழுதியவர் எழுதிய நாளில் இருந்தபடியே வந்து உட்காருவார். ஆகவே அந்த ஊரில் நாற்காலிகளை எண்ணிவிட்டுத்தான் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பார்கள். அரிசி மண்டிக்காரர்கள் இடம் போதாமல் மறப்பதை வாங்கினார்கள்.

தோல் பதனிடும் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் பொன்னுரங்கம், ஒரே ஒரு நாற்காலி போதும் என்றார்.

"எண்பத்து நாலுல நான் எழுதின கோரிக்கை அறிக்கைம்மா. மூணு வருஷத்துக்கு ஒருக்கா மறுபடி அச்சடிச்சோம். தேதியைத் தவிர ஒரு எழுத்து மாத்தினதில்லை. மாத்தினவனெல்லாம் இப்ப முதலாளி வீட்டுக் கல்யாணத்துல பந்தி விசாரிக்கிறான்."

இணையதளம் அமைக்க வந்திருந்த ஜெசிந்தா பழைய துண்டறிக்கைகளை வாங்கிக்கொண்டாள். நினைவுள்ள மென்பொருளை ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது, மாலையில் ஓட்டெடுத்து முடிவு செய்வது என்று ஏற்பாடு. அறிக்கையை எழுதியவருக்கு மட்டுமே ஓட்டு. அந்த விதியைக் கொண்டுவந்தவரும் பொன்னுரங்கம்தான்.

மூன்று மணிக்கு எண்பத்து நாலாம் வருடத்துப் பொன்னுரங்கம் வந்தார். கறுத்த மீசை, சட்டையில் சுண்ணாம்பு வாடை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவர்களுக்கு முழங்கால்வரை பூட்ஸ் தர வேண்டும் என்பதுதான் அறிக்கையின் முதல் கோரிக்கை. அதற்காக இரண்டு முறை சிறைக்குப் போனவர்.

பொன்னுரங்கம் அவரைக் கட்டிக்கொண்டார். பிறகு கதவைச் சாத்தப் போனார். வெளியே இன்னும் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் அவரே.

"ஒரே ஆளுன்னீங்க தோழர், ஒரு மாநாடே வந்திருக்கு," என்றார் பொருளாளர் இத்ரீஸ். "பெஞ்சு போடட்டா?"

அவர்கள் வந்ததில் பொன்னுரங்கத்துக்கு ஒன்றுமில்லை. அவர்கள் கால்களைத்தான் பார்த்தார்; ஒவ்வொருவரும் தன் பதிப்பில் கேட்டதை மட்டும் போட்டிருந்தார். தொண்ணூறாம் வருடத்துக்காரரின் பூட்ஸ் கெண்டைக்காலோடு நின்றது. இரண்டாயிரத்து இரண்டில் கணுக்கால். அதன்பின் கேன்வாஸ், அதன்பின் ரப்பர் செருப்பு. கடைசி ஆள் வெறுங்கால்.

தன் செருப்பை வாசலில் விட்டிருப்பதாகப் பொன்னுரங்கம் நினைத்திருந்தார். வாசலில் செருப்பு இல்லை.

எண்பத்து நாலுக்காரர் அவர் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாருய்யா நீ? எந்தக் கம்பெனி மேஸ்திரி?"

பொன்னுரங்கம் ஜெசிந்தா பக்கம் திரும்பினார்.

"மறக்கிறதையே வாங்கிடலாம்," என்றார்.

அதை வாங்கினால் பதின்மூன்று பேரும் இல்லாமல் போவார்கள். ஒரு எழுத்தும் மாற்றாதவர் என்ற பெயர் மிஞ்சும். பூட்ஸ் போட்ட ஏழு பேரும் நினைவுள்ளதற்குக் கை தூக்கினார்கள். மற்ற ஆறு பேரும் பொன்னுரங்கமும் மறப்பதற்கு. ஏழுக்கு ஏழு.

"இன்னும் ஒருத்தர் இருக்காரே," என்றாள் ஜெசிந்தா, திரையைப் பார்த்தபடி. "வர்ற வியாழக்கிழமை தேதி போட்ட பதிப்பு."

"நான் அதை இன்னும் எழுதலையேம்மா."

"எழுதிடுவீங்க தோழர்."

வியாழக்கிழமைக்காரர் உள்ளே வந்தார். தோளில் சரிகைச் சால்வை. காலில் பளபளக்கும் கறுப்புத் தோல் ஷூ; குதிகாலில் முதலாளி கம்பெனியின் முத்திரை. யாரையும் பார்க்காமல், மறப்பதற்குக் கை தூக்கினார்.

இத்ரீஸ் தீர்மானத்தை எழுதிக்கொண்டார். பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. எண்பத்து நாலுக்காரர் போகும்போது பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். இத்ரீஸ் அதை எடுத்துச் சுண்ணாம்புக் குழிக்குக் கொடுத்தனுப்பினார்.

பழைய பதிப்பாக இல்லாததால் மிஞ்சிய வியாழக்கிழமைக்காரர் அந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். பொன்னுரங்கம் எதிரே தரையில் அமர்ந்தார்.

"ஷூ அளவு சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் கடிக்குது. வியாழனுக்குள்ள பழகிடும்."

பொன்னுரங்கம் அதைப் போட்டுப் பார்க்கத் தன் வெறுங்காலை நீட்டினார்.