பெண்டிழந்தான் சுழி

தபிதாள் கட்டுப் போட்டால் ஒடிந்த நாற்காலிக் காலும் கூடிக்கொள்ளும், ஒரு மாதம் விட்டுவைத்தால் தளிரும் விடும் என்று திருத்தணியில் ஒரு பேச்சு உண்டு. தளிர் விட்டதைப் பார்த்தவர்கள் குறைவு. கூடிக்கொண்டது நிஜம். மிஷன் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷமாகப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற நர்சம்மா அவள். வயது ஐம்பத்து நான்கு, விதவை. குரல் ஆளைவிட ஓர் அடி உயரம். வார்டில் நின்று அவள் தும்மினால் மலைமேல் கோயில் மணி தானாக ஆடும் என்பார்கள்.

மனிதப் புண்ணோடு நிற்காமல் அவள் குதிரைப் புண்ணுக்கும் கை நீட்டியது 1946இல். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் படுத்துக்கொண்டபோது, நான்கு காலும் ஒரு வாலும் உள்ள எதையும் பிடித்து ஜட்காவில் பூட்டினார்கள். சண்டை முடிந்ததும் பள்ளிப்பட்டு பஸ் புகை விட்டுக்கொண்டு திரும்பி வந்தது. ரயிலடிக்கும் மலையடிவாரத்துக்கும் இடையில் மட்டும் ஜட்காவின் ராஜாங்கம் நிலைத்தது. மற்ற ஊர்க் குதிரைகளையெல்லாம் அவிழ்த்து நந்தியாற்று மணலில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள்.

தபிதாள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சும்மா கிடந்த ஓலைக் கொட்டகையைப் பிடித்துக்கொண்டாள். முதல் மூன்று நாள் எந்தக் குதிரையையும் அவள் தொடுவதில்லை. எட்டி நின்று பைபிளின் சங்கீதப் புத்தகத்தை உரக்கப் படிப்பாள். ஓடாமல் கேட்கிற குதிரை பிழைக்கும் என்பது அவள் கணிப்பு. அப்புறம் கொள்ளுக் கஞ்சி, புண்ணுக்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும், வளர்ந்து வளைந்த குளம்புக்கு அரம். ஊனம் எல்லாம் தேறியதும் முதலில் வெறும் வண்டி, பிறகு மணல் ஏற்றிய வண்டி, கடைசியில் தபிதாள் ஏறிய வண்டி. அதையும் இழுத்துவிட்ட குதிரை மலையையே அரக்கோணம் வரை இழுத்துக்கொண்டு போகும்.

இப்படிப் பதினொரு குதிரைக்கு அவள் வீடு தேடிக் கொடுத்தாள். கிணற்றிலிருந்து தூக்கியதற்கு, மீன் வயிற்றிலிருந்து மீண்ட யோனாவின் பேரை வைத்து உபதேசியாருக்குக் கொடுத்தாள். கர்த்தர் சொன்ன திசைக்கு எதிராக ஓடிய வேதத்து யோனாவின் பேர்ப் பொருத்தமோ என்னவோ, அவர் கிழக்கே பிரசங்கம் பண்ணப் புறப்பட்டால் அது மேற்கே போனது. மேற்கேயும் ஆத்துமாக்கள் உண்டு என்று அவர் ஒத்துக்கொண்டார். செத்துப் பிழைத்த லாசரு ஆர்.கே.பேட்டையில் நூல் மூட்டை சுமந்தது.

குதிரை கைமாறுவது என்றால் அங்கே கயிறு கைமாறுவதுதான். பழைய கயிறு கொடுப்பவரோடு போய்விடும். புதுக் கயிற்றை எந்தக் கை வாங்குகிறதோ அந்தக் கைக்குக் குதிரை சொந்தம். எழுத்தும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். சாட்சிக்கு ஜட்கா ஸ்டாண்டுத் தலைவர் கோதண்டபாணி பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவர் குதிரைச் சுழி பார்ப்பதில் சூரர். ரோமம் எங்கே எப்படிச் சுழித்திருக்கிறது என்று பார்த்து, வாங்குகிறவனின் மூன்று தலைமுறைக்கு என்ன ஆகும் என்று சொல்லிவிடுவார். நான்காவது தலைமுறையைக் கேட்டால் வெற்றிலை வைக்கச் சொல்வார்.

பன்னிரண்டாவதாக வந்ததுதான் யோபு. நந்தியாற்று மணலில் தலையிலிருந்து குளம்பு வரை புண்ணாக நின்றிருந்தது. வேதத்தில் அந்தப் பேருக்கு இதைவிடத் தகுதியான பிராணி கிடையாது. ஈக்கள் அதன்மேல் குடியிருந்தன என்று சொன்னால் போதாது, பேரன் பேத்தி எடுத்திருந்தன. தபிதாள் சங்கீதம் படித்தாள். முதல் நாளே அது அவள் தோளில் தாடையை வைத்துத் தூங்கிப்போனது.

மூன்று மாதத்தில் அது தேறிய தேற்றத்தை வார்டு நோயாளிகள் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். சிவப்புத் தோல் வேப்பெண்ணெயில் பளபளத்தது. தபிதாளை ஏற்றிய வண்டியைச் சரவணப் பொய்கையைச் சுற்றி ஒரே மூச்சில் இழுத்துவிட்டு, இன்னொரு சுற்றுக்குக் காலைத் தட்டியது.

அன்று கோதண்டபாணி வந்தார். பார்த்தார். வலது கண்ணுக்கு மேலே விரலை வைத்தவர், சுட்டதுபோல எடுத்தார்.

"பெண்டிழந்தான் சுழி நர்சம்மா. இத வாங்கறவன் பொண்டாட்டி வருஷம் தாங்க மாட்டா. கலெக்டர் வாங்கினாலும் அதே கதிதான்."

மறுநாளே ஊர் முழுக்க அந்தச் சேதி. அதுவரை யோபுவைக் கேட்டுக்கொண்டிருந்த ஆறு பேரும் வேறு தெரு வழியாக நடக்க ஆரம்பித்தார்கள்.

தபிதாள் சளைக்கிற ஆளில்லை. ஆனால் அவசரப்பட்டு ஒரு தப்புச் செய்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் ரோமம் மழிக்கிற ஆஸ்பத்திரிக் கத்தியை எடுத்து, சுழி இருந்த இடத்தை எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுத்தமாகச் சிரைத்துவிட்டாள். ரோமம் போனால் சுழியும் போச்சு என்பது அவள் கணக்கு. ஜட்காக்காரர்கள் கணக்கு வேறாக இருந்தது. நர்சம்மாவே மறைக்கிறாள் என்றால் சுழி எவ்வளவு பொல்லாதது என்று அவர்கள் யோசித்தார்கள். அதோடு விட்டார்களா? அவளிடம் குதிரை வாங்கிய இரண்டு பேர், இதிலும் ஏதாவது சிரைத்து மறைத்திருக்கிறாளா என்று பார்க்கத் தங்கள் குதிரைகளைக் கோதண்டபாணியிடம் ஓட்டி வந்தார்கள். இருபத்தாறு வருஷத்தில் தபிதாள் முதல் தடவையாக ஒரு ராத்திரிச் சாப்பாட்டை வேண்டாம் என்றாள். மறுநாள் காலையில் இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

அதே வாரம் ஆஸ்பத்திரிக் கமிட்டி கொட்டகை இடத்தில் பிரசவ வார்டு கட்டப் போவதாகச் சொன்னது. சனிக்கிழமை மதியத்துக்குள் காலி செய்து தருகிறேன் என்று தபிதாளும் வாக்குக் கொடுத்துவிட்டாள். பிரசவ வார்டுக்கு எதிராக அவள் எப்படிப் பேசுவாள்?

சேதி எப்படிப் போனதோ, அரக்கோணத்தில் கூடாரம் போட்டிருந்த சர்க்கஸின் மேனேஜர் ஜெகநாதன் வந்து இறங்கினார். பட்டு ஜிப்பா, அத்தர் வாசனை. யோபுவைச் சுற்றி வந்து விலாவில் தட்டினார்.

"ரொம்ப நல்லா தேத்தி வெச்சிருக்கீங்கம்மா. எங்க சிங்கம் மூணும் எலும்பைப் பார்த்து வருஷமாச்சு."

அவர் குதிரையை வேடிக்கை காட்டக் கேட்கவில்லை, தீனிக்குக் கேட்கிறார் என்பது தபிதாளுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் கையால் கொள்ளு ஊட்டி மூன்று சிங்கத்துக்குப் பந்தி போட்டிருக்கிறோம் என்று நினைத்ததும் அவள் போய் யோபுவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள். கமிட்டியோ அவரிடம் சரி என்று சொல்லிவிட்டது. சனிக்கிழமை மதியம்வரை யாரும் கயிறு வாங்காவிட்டால், மதிய ரயிலில் வந்து அவர் ஓட்டிக்கொண்டு போகலாம்.

"அதுக்குள்ள எடம் பார்த்துடுவேன்," என்றாள் தபிதாள். எந்த இடம் என்று அவளுக்கே தெரியாது. தெரியாத விஷயத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்ல அந்த ஊரில் வேறு ஆள் கிடையாது.

யோபுவை வாங்க மனசிருந்த வீடு ஒன்று இருக்கத்தான் செய்தது. வேடியப்பனின் கிழக் குதிரை சித்திரையில் செத்துப்போய், அவன் ஜட்கா புளியமரத்தடியில் கோழி அடையும் கூடாகிவிட்டிருந்தது. அவன் ரயிலடியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ஆடிக் கிருத்திகை நெருங்குகிறது. காவடிக் கூட்டம் இறங்கினால் மூன்று நாள் ஜட்காக்காரன் தரையில் கால் வைக்க முடியாது. அவன் பெண்சாதி எல்லம்மாள் புல்லறுத்துக் கொண்டுவந்து போடுகிறவள். யோபு மூன்று மாதமாகத் தின்றது அவள் கட்டுப் புல்தான். அவள் ஒரு கட்டுத் தூக்கினால் அடியில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது, புல் தானாக நடந்து வருவதுபோல இருக்கும். எல்லம்மாள் குதிரை வேண்டும் என்றாள். வேடியப்பன்தான் மாட்டேன் என்றான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொட்டகை வாசலிலேயே இருவருக்கும் தகராறு வந்துவிட்டது. அத்தை மகன் என்பதால் புருஷனை அவள் பாவா என்றுதான் கூப்பிடுவாள், கோபத்திலும்.

"செத்தா நான்தான சாவணும் பாவா? உனுக்கு இன்னா நோவுது?"

"எனுக்குத்தான்டி நோவும். குதிரை இல்லாம மூட்டை தூக்கிகினு காலம் தள்ளிடுவேன். நீ இல்லாம தள்ள முடியாது."

இப்படி ஒரு வார்த்தையை அவன் பதினெட்டு வருஷத்தில் சொன்னதில்லை. எல்லம்மாள் சண்டையை அதோடு விட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, யோபுவுக்குப் புல்லை உதறிப் போட்டாள். அது புல்லை விட்டு அவள் கையை முகர்ந்தது.

தபிதாள் ஒரு சிறுவனின் முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே இதையெல்லாம் கேட்டிருந்தாள். கடைசிச் சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டபோது அவள் முகம் மாறியது. எல்லம்மாளைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் காதில் ஏதோ சொன்னாள். எல்லம்மாள் சிரித்த சிரிப்பில் கொட்டகைக் கூரையிலிருந்த புறாக்கள் கே.ஜி.கண்டிகைப் பக்கமாகப் பறந்துபோய், மறுநாள்தான் திரும்பின.

சனிக்கிழமை காலை ரயிலடி ஜட்கா ஸ்டாண்டில் பதினாலு வண்டியும் நின்றிருந்த நேரத்தில், தபிதாள் யோபுவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தோளில் புதுக் கயிறு. பின்னால் எல்லம்மாள். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த வேடியப்பன், நடுவழியில் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். தபிதாள் நேராகக் கோதண்டபாணி முன்னால் போய் நின்றாள். முதலில், சிரைத்தது தப்பு என்று எல்லார் காதிலும் விழும்படி ஒத்துக்கொண்டாள். சுழி இருக்கிறது, அதற்குப் பலனும் இருக்கட்டும் என்றாள். கோதண்டபாணி குளிர்ந்துபோனார்.

"ஒரே ஒரு சந்தேகம் அண்ணா. இந்தச் சுழி வண்டி ஓட்டறவன் பொண்டாட்டியக் காவு வாங்குமா, கயிறு வாங்கினவன் பொண்டாட்டிய வாங்குமா?"

"கயிறு வாங்கின கைக்குத்தான் பலன். ஓட்டறவனுக்கு வந்துச்சுன்னா இந்த ஸ்டாண்டுல ஒருத்தன் ஊட்லயும் பொம்பள மிஞ்சி இருக்க மாட்டா."

"நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க. அப்பால மாத்தக் கூடாது."

"நான் சுழி சொல்லி மாத்தினது எப்போ நர்சம்மா? கயிறு வாங்கின கை. அவ்ளோதான்."

தபிதாள் பதினாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்து, கேட்டுக்கொண்டார்களா என்று விசாரித்தாள். ஆங், ஆங் என்று பதினாலு தலையும் ஆடின. அப்புறம் புதுக் கயிற்றை யோபுவின் கழுத்தில் கட்டி, பழையதை அவிழ்த்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, நுனியை நீட்டினாள். வாங்கிய கை எல்லம்மாளுடையது.

ஸ்டாண்டில் ஒரு குதிரைகூட வாலை ஆட்டவில்லை.

"பொம்பள எப்டிம்மா கயிறு வாங்கறது?" என்றார் கோதண்டபாணி.

"வாங்கக் கூடாதுன்னு உங்க சுழி நூல்ல இருந்தா சொல்லுங்க, இப்பவே அவுத்துகினு போறேன். இல்லன்னா எல்லம்மாவோட பொண்டாட்டி யாருன்னு காட்டுங்க. அவளுக்கு ஆபத்து கீதுன்னு நானே போய்ச் சொல்லிட்டு வரேன்."

முதலில் சிரித்தவன் எவன் என்று தெரியாது. பதினாலு பேரும் சிரித்து முடிக்கும்வரை கோதண்டபாணி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து யோபுவைச் சுற்றி வந்தார். புருஷனைக் கொண்டுபோகிற சுழி ஏதாவது உண்டா என்று நெற்றி, கழுத்து, நெஞ்சு, முதுகு, தொடை என்று விரலால் தடவித் தேடினார். வாலைத் தூக்கிப் பார்த்தார். மூன்று முறை சுற்றினார். காவடி எடுத்தவர்கூட மலையை அவ்வளவு பக்தியோடு சுற்றியிருக்க மாட்டார். கடைசியில் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்குச் சுழி பெரியது. அதற்காகப் பொய் சொல்லமாட்டார்.

"புருசன வாங்கற சுழின்னு நூல்ல ஒண்ணும் சொல்லல. பொம்பள குதிர வாங்குவான்னு எழுதினவன் நெனைக்கவேயில்ல போலகீது." யோபுவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "சுழி கீது. அதுக்கு வேல இல்ல. இட்டுகினு போ எல்லம்மா."

வேடியப்பன் கயிற்றையும் பெண்சாதியையும் மாறி மாறிப் பார்த்தான். பயம் இறங்கிப் போன முகத்தில் வேறு ஒரு கவலை ஏறிக்கொண்டிருந்தது.

"அப்போ நான் யாருடி?"

"வண்டிக்காரன் பாவா. ஒழுங்கா ஓட்டினா வச்சிக்கறேன்."

புளியமரத்தடி ஜட்காவிலிருந்து கோழிகளை விரட்டி, சக்கரத்துக்கு மசகு போட்டு, யோபுவைப் பூட்டி ரயிலடிக்குக் கொண்டுவந்தபோது அரக்கோணம் ரயில் கூவிக்கொண்டிருந்தது. கிருத்திகைக்கு முன்கூட்டியே வந்த ஆந்திரக் குடும்பங்கள் மற்ற ஜட்காக்களை மொய்த்துக்கொண்டன. கடைசியாக இறங்கிய ஜெகநாதன் ஜிப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மீதி இருந்த ஒரே வண்டியில் ஏறி மிஷன் ஆஸ்பத்திரி என்றார். எல்லம்மாள் வேடியப்பன் பக்கத்தில் முன்பலகையில் உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரி முதல் சவாரியைப் பார்க்க வேண்டாமா?

யோபு மூன்று மாதம் தின்ற கொள்ளு அத்தனையையும் ஒரே ஓட்டத்தில் காட்டியது. வழியில் பள்ளிப்பட்டு பஸ்ஸை முந்திற்று என்று எல்லம்மாள் பிற்பாடு சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் அப்போது டயர் மாற்றிக்கொண்டு நின்றது என்று ஒரு கட்சி உண்டு. எப்படியானாலும் முந்தியது முந்தியதுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய ஜெகநாதனுக்குக் குலுங்கிய உடம்பு நிலைக்கு வரச் சற்று நேரம் ஆயிற்று. இந்த மாதிரி ஓட்டத்தை ஜன்மத்தில் பார்த்ததில்லை என்று வாய்விட்டுப் புகழ்ந்தார். பிறகு, வாசலில் காத்திருந்த தபிதாளிடம் குதிரை எங்கே என்று கேட்டார்.

"நீங்க அதுலதான் வந்தீங்க," என்றாள் தபிதாள்.

ஜெகநாதன் திரும்பிப் பார்த்தார். சிவப்புத் தோல், வலது கண்ணுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்குச் சிரைத்த வட்டம். அதில் ரோமம் மெல்ல முளைக்க ஆரம்பித்திருந்தது. யோபு அவர் பட்டு ஜிப்பாவின் தோளில் தாடையை வைத்து இளைப்பாறியது.

அவர் தன் மூன்று சிங்கங்களின் பசியைப் பற்றி உருக்கமாகச் சொல்ல ஆரம்பித்தார். எல்லம்மாள் முன்பலகையில் இருந்தபடியே கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"சிங்கத்துக்குப் புல்லு துன்னப் பழக்குங்க சாமி. நான் தெனம் ஒரு கட்டு அறுத்து அனுப்பறேன்."